'அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?'

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. வடமாவட்டம் ஒன்றின் சார்பதிவாளர் அலுவலகம். தோழர் ஒருவரின் வீட்டுமனைக்கு வில்லங்கச் சான்று வாங்கப் போயிருந்தேன். வாசலில் பத்திர எழுத்தர்கள், தரகர்கள், ஜெராக்ஸ் கடை, டீக்கடை. எல்லா ஊரிலும் இருப்பதுதான். உள்ளே பதிவுக்காக ஓர் ஆயா நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் அந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும். ஆயாவின் கட்டைவிரலில் மை காயவில்லை. பத்திரத்தில் கைநாட்டு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது.

சார்பதிவாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஏம்மா, நெலத்த வித்துட்டியா? பணம் முழுசா வாங்கிட்டியா?"

ஆயா திருதிருவென்று விழித்தார். "நெலமா? முதியோர் பணம் வாங்கித் தரேன்னு கூட்டியாந்தாங்க சாமி."

பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே, "கெழவிக்கு வயசாயிடுச்சு சார், மறந்துடுச்சு, நீங்க பதிங்க" என்றார். சார்பதிவாளர் ஒன்றும் உத்தமர் அல்ல. வேறொரு நாளாக இருந்திருந்தால் பதிந்திருப்பாரோ என்னவோ. அன்றைக்கு வரிசையில் பதினைந்து பேர் நின்றோம். ஆயா சொன்னது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அறுபது சென்ட் நிலம் தப்பித்தது.

அதைத் தப்பிக்க வைத்தது யாருடைய கருணையும் அல்ல, ஒரு சட்டப்பிரிவு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, எழுதிக்கொடுத்தவர் அதிகாரியின் முன் வரவேண்டும், 'இதை நீ எழுதிக்கொடுத்தாயா' என்று அதிகாரி விசாரிக்க வேண்டும் என்கிறது. 35ஆம் பிரிவு, 'நான் எழுதிக்கொடுக்கவில்லை' என்று அவர் மறுத்தால் அதிகாரி பதிய மறுத்தே ஆகவேண்டும் என்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனால் படிப்பறிவில்லாத ஒரு தலித் கிழவிக்கு, ஊர்ப் பெரிய மனிதரின் எதிரில், அரசு அதிகாரியின் மேசைக்கு முன்னால், 'இல்லை' என்று சொல்ல ஒரு நிமிடத்தை அது ஒதுக்கி வைத்திருந்தது.

அந்த ஒரு நிமிடத்துக்கு இப்போது என்ன ஆகப்போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றிய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கீழ் உள்ள நில வளங்கள் துறை, 2025 மே மாதத்தில் புதிய பதிவு மசோதாவின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது. கொடுத்த அவகாசம் முப்பது நாள். 117 ஆண்டுகளாக இருக்கும் சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கப்போகிற மசோதா இது. பத்திரத்தை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 'ஆம், நான்தான் எழுதிக்கொடுத்தேன்' என்ற ஒப்புதலையும் இணையத்திலேயே கொடுக்கலாம். அடையாளத்துக்கு ஆதார், ஆதார் இல்லாதவருக்கு வேறு வழி. பதிவுச் சான்றும் மின்வடிவில் வரும்.

இதற்கு முன்பே ஒரு கதவு சத்தமில்லாமல் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களை மின்கையெழுத்துக்கு அப்பால் வைத்திருந்தது. 2022 செப்டம்பரில் ஓர் அறிவிக்கையின் மூலம் அந்த விலக்கை நீக்கினார்கள். மகாராட்டிரத்தில் வாடகை ஒப்பந்தங்களும், கட்டுமான நிறுவனங்கள் முதன்முறையாக விற்கும் அடுக்குமாடி வீடுகளும் அலுவலகத்துக்குப் போகாமலே பதிவாகின்றன. போகும் திசை தெளிவாகத் தெரிகிறது.

ஆங்கிலப் பத்திரிகைகள் இதை நவீனமயம் என்று கொண்டாடின. லஞ்சம் ஒழியும், தரகர் ஒழிவார், நேரம் மிச்சமாகும் என்றார்கள். நம் தோழர்கள் சிலரும் அதையே சொல்கிறார்கள். அவர்கள் வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. சார்பதிவாளர் அலுவலகம் நமக்கு ஒன்றும் தாய்வீடு அல்ல. கைகட்டி நின்ற இடம் அது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர் ஒரு கையெழுத்துக்காக இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவர வேண்டியிருக்கிறது. வளைகுடாவில் இருக்கிறவர் அண்ணன் பெயருக்குப் 'பவர்' எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறார். அவர்களுக்கு இணையவழிப் பதிவு உதவும். இதை மறுக்க வேண்டியதில்லை.

என் கேள்வி வேறு. திரையில் தெரிகிற முகம் யாருடையது என்பதை இந்தச் சட்டம் கேட்கிறது. அந்த முகத்துக்குப் பக்கத்தில், திரைக்கு வெளியே யார் நிற்கிறார் என்பதைக் கேட்கிறதா?

இந்தக் கேள்வி என் கற்பனை அல்ல. இதைச் சட்டமாகவே எழுதி வைத்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். தூரத்திலிருந்து கையெழுத்துப் போடும் முறையில் நமக்கு முன்னால் பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் அமெரிக்க மாநிலங்கள்தான். அவர்கள் எங்கே சரியாக யோசித்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நாம் பேசவேண்டும்.

அங்கே இந்த வேலையைச் செய்வது நோட்டரி. கையெழுத்துப் போடுகிறவர் தன் எதிரில் வந்து நின்றார், இன்னார்தான், தன் விருப்பப்படிதான் போட்டார் என்று அவர் சான்று தருவார். அதன்பிறகே பத்திரம் பதிவேட்டுக்குப் போகும். நம் ஊரில் அந்த விசாரணையைப் பெருமளவு சார்பதிவாளரே செய்கிறார். ஆகவே அங்கே நோட்டரிக்கு வந்த மாற்றமும் இங்கே சார்பதிவாளருக்கு வரப்போகும் மாற்றமும் ஒரே வகை.

2011இல் வர்ஜீனியா மாநிலம்தான் முதலில், நோட்டரியின் எதிரில் நேரில் வரவேண்டியதில்லை, கேமரா வழியாக வந்தால் போதும் என்று சட்டம் போட்டது. 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பிறகு மொன்டானா, டெக்சாஸ், நெவாடா. 2020இல் கொரோனா வந்ததும் மற்ற மாநிலங்களும் அவசர ஆணைகளால் அனுமதித்தன. நியூயார்க்கின் நிரந்தரச் சட்டம் 2023 ஜனவரி இறுதியில் அமலுக்கு வந்தது. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த முறை இருக்கிறது. கலிபோர்னியா மட்டும் 2023இல் சட்டம் இயற்றிவிட்டு, முழுமையாக நடைமுறைப்படுத்த 2030 வரை அவகாசம் வைத்துக்கொண்டது. கணினித் தொழிலின் தலைநகரமே அந்த மாநிலம்தான். அவர்களுக்கே ஏழு ஆண்டு யோசனை தேவைப்பட்டது. நமக்கு முப்பது நாள்.

இந்தச் சட்டங்களைக் கேட்டது யார்? நிலமற்றவரா, ஏழை விவசாயியா? நில உரிமைக் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கமும் அடமானக் கடன் வங்கியாளர்களின் சங்கமும் சேர்ந்து ஒரு மாதிரிச் சட்ட வரைவையே எழுதி மாநிலங்களுக்குக் கொடுத்தன. வாங்குகிறவரும் கடன் கொடுக்கிறவரும் வேகத்தைக் கேட்டார்கள். இழக்கிறவர் எந்த நாட்டிலும் வேகத்தைக் கேட்டதில்லை.

சரி, கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? அடையாள அட்டையைக் கேமராவில் காட்ட வேண்டும். அதோடு பல மாநிலங்களில் கணினி ஒரு பரீட்சை வைக்கும். ஃபுளோரிடா சட்டப்படி குறைந்தது ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். இரண்டு நிமிடத்துக்குள் 80 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும். கேள்விகள் எங்கிருந்து வருகின்றன? உங்கள் கடன் வரலாறு, பழைய முகவரி, வாகனக் கடன் போன்ற பதிவுகளிலிருந்து. வங்கி படியேறாதவருக்கு இந்தப் பரீட்சையில் கேள்வியே தயாராகாது. அப்படிப்பட்டவர்களில் கருப்பின மக்களின் பங்கு அதிகம் என்று சொல்லவும் வேண்டுமா? ஏழைக்கு அடையாளம் இல்லை என்று இயந்திரமே முடிவு செய்துவிடும்.

நம் ஊர் இயந்திரமும் சளைத்ததல்ல. கொத்து வேலை, செங்கல் சூளை, தோல் பதனிடும் தொட்டி, சாக்கடை. இந்த வேலைகளில் கிடந்த கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பி வருகிற ஆயாக்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். படிக்கவிடாமல் வைத்து நம்மைக் 'கைநாட்டு' என்று கேலி பேசினார்கள். இப்போது அந்தக் கைநாட்டும் செல்லாது என்று இயந்திரம் சொல்கிறது.

ஆனால் என் கட்டுரையின் மையம் இதுவும் அல்ல. அடையாளம் சரியாகவே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரேகை விழுந்துவிட்டது. ஓ.டி.பி. வந்துவிட்டது. முகம் பொருந்திவிட்டது. அப்போதும் என்ன தெரிந்தது? ஆள் இவர்தான் என்று தெரிந்தது. இவர் சுதந்திரமாகத்தான் சம்மதித்தார் என்று தெரியவில்லை.

தலித் மக்களின் நிலம் பறிபோன வரலாற்றில் ஆள்மாறாட்டம் சிறு பகுதி. பெரும்பகுதி உண்மையான ஆள், உண்மையான ரேகை, பொய்யான சம்மதம். கல்யாணத்துக்கு ஐந்தாயிரம் கடன் வாங்கும்போது வெற்றுப் பத்திரத்தில் வாங்கிய கைநாட்டு. 'அடமானம்' என்று சொல்லி எழுதிக்கொண்ட கிரயம். ஆண்டையின் திண்ணையில், ஆண்டையின் ஆட்கள் சுற்றி நிற்க, படித்துக் காட்டப்படாமல் பெறப்பட்ட ஒப்புதல். இவற்றில் எந்த ரேகையும் போலி அல்ல. எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாலும் பொருந்தும்.

இந்த உண்மையை நம் நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, எஃப், ஜி ஆகிய உட்பிரிவுகளைப் படியுங்கள். தலித், பழங்குடி மக்களின் நிலத்தைத் தவறான முறையில் ஆக்கிரமிப்பதும், அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் குற்றம். 'தவறான முறை' என்றால் என்ன என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது. விருப்பத்துக்கு மாறாக, சம்மதம் இல்லாமல், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற அச்சத்தை உண்டாக்கிப் பெற்ற சம்மதத்தால், அல்லது ஆவணங்களைப் புனைந்து. அச்சத்தால் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்று ஒரு சட்டம் சொல்கிறது. அச்சத்தைப் பார்க்கக் கண்ணே இல்லாத ஒரு முறையை இன்னொரு சட்டம் கொண்டுவருகிறது. இரண்டும் ஒரே நாடாளுமன்றத்தின் சட்டங்களாக இருக்கும்.

இங்கேதான் ஃபுளோரிடா எனக்கு முக்கியமாகிறது. அந்த மாநிலத்தின் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உயில் போன்ற சில ஆவணங்களைக் கேமரா வழியாக எழுதும்போது, கையெழுத்துக்கு முன் நோட்டரி சில கேள்விகளைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்? இந்தக் காணொளி இணைப்பை ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் யார்? இந்த ஆவணத்தைத் தயாரிக்க உதவியவர்கள் யார்? அந்த அறையில் உங்களோடு வேறு யார் இருக்கிறார்கள்? கேள்வியும் பதிலும் பதிவாகும். பின்னால் வழக்கு வந்தால் அந்தப் பதில்களை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம்.

அதோடு இன்னொன்றும் அங்கே இருக்கிறது. பிறரைச் சார்ந்து வாழ வேண்டிய நிலையில் உள்ளவர்கள், பலவீனமான நிலையில் உள்ள பெரியவர்கள் என்று அந்த மாநிலச் சட்டம் ஒரு பிரிவை வரையறுத்திருக்கிறது. அவர்கள் எழுதும் உயிலுக்குச் சாட்சிகள் திரை வழியாக வந்தால் செல்லாது. சாட்சி நேரில்தான் நிற்கவேண்டும். இதை முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறவருக்குச் சொல்லவும் வேண்டும்.

ஏன் இந்த எச்சரிக்கை? ஃபுளோரிடா ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறைந்த மாநிலம். சொத்துள்ள முதியவரைப் பக்கத்தில் இருக்கிறவரே மிரட்டி எழுதி வாங்குவார் என்ற பயம் அந்தச் சட்டத்தின் வரிகளில் தெரிகிறது. சொத்துள்ளவரின் பயம் சட்டப்பிரிவாகிவிடுகிறது. ஆனால் வீடு, நிலம் விற்கிற சாதாரண பத்திரங்களுக்கு இந்தக் கேள்விகளை அதே சட்டம் கட்டாயமாக்கவில்லை. அங்கேயும் ஏழையின் பயத்துக்குப் பிரிவு எழுதப்படவில்லை.

அமெரிக்காவில் அந்த ஏழை யார் என்றும் சொல்லிவிடுகிறேன். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு கருப்பின மக்கள் வியர்வை சிந்தி நிலம் வாங்கினார்கள். 1910 வாக்கில் அவர்கள் கையில் 1.5 கோடி ஏக்கருக்கும் மேல் இருந்தது. அடுத்த நூறாண்டில் அதில் பெரும்பகுதி போய்விட்டது. போன வழிகளில் முக்கியமான ஒன்று, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம். பேரன் பேத்திகள் எல்லாருக்கும் பொதுவாக நிற்கும். வடக்கே நகரத்தில் இருக்கிற ஒரு பங்காளியைத் தேடிப் பிடித்து, அவருடைய சிறு பங்கை ஒரு நில வணிகர் வாங்குவார். பிறகு நீதிமன்றத்துக்குப் போய் பாகம் கேட்டு, மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்து அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வார். இதைத் தடுக்க 2010இல்தான் ஒரு மாதிரிச் சட்டம் உருவானது. 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றன. இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு பங்காளியின் கையெழுத்தைப் பெற வணிகருக்கு முன்பு பயணம் வேண்டியிருந்தது, இன்று ஒரு செல்போன் போதும். கையெழுத்து எவ்வளவு சுலபமோ, இழப்பும் அவ்வளவு சுலபம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு 1010ஆம் எண் ஆணையை வெளியிட்டது. பஞ்சமி நிலம் பிறந்தது அதில்தான். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நாம் தொடர்ந்து சொல்லிவருகிறோம். பத்தாண்டுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனை காகிதத்தில் அப்படியே இருக்க, நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. அந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள்.

அந்த நிலங்கள் காற்றில் கைமாறவில்லை. கிரயப் பத்திரம், பவர் பத்திரம், நோட்டரி முத்திரை குத்திய ஒப்பந்தம் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு காகிதம் உண்டு. பவர் பத்திரத்தாலும் ஒப்பந்தத்தாலும் நில உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் சேரியில் இன்னமும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி வக்கீலின் சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் 'நிலம் போச்சு' என்று நம்பி வெளியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தின் பலம் சட்டத்தில் மட்டும் இல்லை. அதை நீட்டுகிறவரின் சாதியிலும் இருக்கிறது.

'பதிவான பிறகு ரத்து செய்துகொள்ளலாமே' என்று சிலர் கேட்கலாம். அந்த வழியும் அடைபட்டுக்கொண்டே வருகிறது. மோசடிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022இல் தமிழ்நாடு அரசு 77ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்ற 55ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்றது. இந்தத் தீர்ப்புகளுக்குச் சட்டக் காரணங்கள் இருக்கலாம். விளைவைப் பாருங்கள். பதிவுக்கு முன் உரிமையைக் கேட்க முடியாது. பதிவுக்குப் பின் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். முத்திரைக் கட்டணம், வக்கீல் கட்டணம், பத்து வருடம், பதினைந்து வருடம். கூலி வேலை செய்கிறவரால் முடியுமா?

ஆக, இடையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு நிமிடம்தான். 'நீ எழுதிக்கொடுத்தாயா?' 'இல்லை சாமி.' அதையும் இப்போது பெரிய மனிதரின் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்.

வேறு எங்கே நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆயாவிடம் கேமரா உள்ள செல்போன் இருக்காது. இணைய இணைப்பு இருக்காது. வாங்குகிறவரின் போன், வாங்குகிறவரின் வீடு, வாங்குகிறவரின் மகன் பட்டனை அழுத்துவான். இல்லையென்றால் இ-சேவை மையம். அதை நடத்துகிறவர் யாருக்கு வேண்டியவர் என்பது ஊருக்கே தெரியும். ஆயா கேமராவைப் பார்த்து 'ஆமா சாமி' என்பார். முதியோர் பணத்துக்குத்தான் படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் வரிசை இல்லை, காது கொடுக்கப் பதினைந்து பேர் இல்லை. வெளியே ஓடிவந்து கத்தினாலும் அது வேறொருவரின் வாசல்.

பொது அலுவலகம் என்பது வெறும் கட்டிடம் அல்ல. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலத்திலும், ஆண்டையும் பண்ணையாளும் ஒரே மேசைக்கு முன் நிற்கவேண்டிய இடமாக அது இருந்தது. முழுச் சமத்துவம் அங்கே இருந்ததில்லை. ஆனாலும் அது ஆண்டையின் இடம் அல்ல. தனியார் இடத்தில் சாதி ஆளும், பொது இடத்தில் கொஞ்சமாவது சட்டம் ஆளும். மக்களை நேரில் சந்திப்பதிலிருந்து அரசு விலகிக்கொண்டால், அந்த இடத்தில் யார் வந்து உட்காருவார் என்பது நமக்குத் தெரியும்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருப்பூர்த் தோழருக்கும் வளைகுடாத் தோழருக்கும் அது வேண்டும். ஆனால் யாருக்காக, எந்த நிபந்தனையில் என்பதை நாமும் சேர்ந்துதான் எழுதவேண்டும். பத்திரப் பதிவு அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 'டெல்லி சட்டம், நாங்கள் என்ன செய்வது' என்று தமிழ்நாடு அரசு கைவிரிக்க முடியாது. நம் கோரிக்கைகள் இவை:

1. நிபந்தனைக்குட்பட்ட நிலங்களின் புல எண்களை, பழைய 'அ' பதிவேட்டில் 'டி.சி.' என்று குறிக்கப்பட்டவை உட்பட, கிராமவாரியாக வெளியிட்டுப் பதிவுத் துறையின் மென்பொருளில் பூட்டவேண்டும். இது முடியும்வரை விவசாய நிலத்துக்கு இணையவழி ஒப்புதல் கூடாது.

2. இணையவழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விற்பவருக்கு மட்டுமே இருக்கவேண்டும். வாங்குபவரோ தரகரோ அவர் சார்பாக விண்ணப்பிக்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிலம் மற்றவருக்குப் போகிற பத்திரத்தில் ஒப்புதல் நேரில்தான் பெறப்பட வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் அதிகாரி அவர் வீட்டுக்குப் போகட்டும். 1908 சட்டத்தின் 31, 38ஆம் பிரிவுகளில் அதற்கு இன்றைக்கும் வழி இருக்கிறது.

3. 'அந்த அறையில் உங்களோடு யார் இருக்கிறார்கள், இந்த இணைப்பைக் கொடுத்தவர் யார், இது யாருடைய போன், இது எந்த நிலத்தின் விற்பனை என்று தெரியுமா, பணம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது' ஆகிய கேள்விகள் எல்லா இணையவழிப் பத்திரத்துக்கும் கட்டாயமாகவேண்டும். பேச்சுத் தமிழில், விற்பவரைத் தனியாக வைத்துக் கேட்கவேண்டும்.

4. முழுக் காணொளியின் பிரதி விற்பவருக்கு இலவசமாகத் தரப்படவேண்டும். டெக்சாஸ் 5 ஆண்டும் ஃபுளோரிடா 10 ஆண்டும் வைத்திருக்கச் சொல்கின்றன. நமக்கு அது போதாது. நிலத்தின் சுவாதீனம் கேட்டு வழக்குப் போடவே நம் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு தருகிறது. குறைந்தது 30 ஆண்டு அழியாமல் இருக்கவேண்டும்.

5. ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்தே பதிவு முடியவேண்டும். அதற்குள் விற்பவர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் 'நான் விற்கவில்லை' என்றாலும் பதிவு நிற்கவேண்டும்.

6. மிரட்டல் புகார் வந்தால் அந்தக் காணொளி வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் சான்றாகவேண்டும். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் பதிந்த அதிகாரிமீது, அதே சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி கடமை தவறியதற்காக நடவடிக்கை வேண்டும்.

'இது தலித் மக்களைச் சிறுபிள்ளைகளாக நடத்துவதாகாதா? தன் நிலத்தை விற்க அவருக்கு உரிமை இல்லையா?' என்று ஒரு கேள்வி வரும். நம்மவர்களிடமிருந்தும் வரும். உரிமை உண்டு. விற்க விரும்புகிறவருக்கு நேரில் வருவதும் முப்பது நாள் பொறுப்பதும் ஒரு சிரமம்தான். ஆனால் விற்க விரும்பாதவருக்கு அந்த முப்பது நாள்தான் நிலம். சிரமத்தையும் இழப்பையும் தராசின் இரு தட்டில் வைத்தால் எது கனக்கும் என்று நிலம் இழந்த ஒரு குடும்பத்தைக் கேளுங்கள். ஃபுளோரிடாவில் பணக்கார முதியவரை நேரில் சாட்சி வைக்கச் சொன்னபோது யாரும் அவரைச் சிறுபிள்ளை என்று சொல்லவில்லை. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள்.

தோழர்களே, அறிக்கை விடுவதோடு நிற்காதீர்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு முன் உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 'டி.சி.' என்று இருந்த புல எண்களைக் குறித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்த எண்களில் இணையவழிப் பதிவு கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததையும் எழுதி வாங்குங்கள்.

அந்த ஆயா இப்போது இல்லை. அறுபது சென்டிலும் அவருடைய பேரன் போன பட்டத்தில் மணிலா போட்டிருந்தான். போன மாதம் என்னைப் பார்த்தபோது, "அண்ணா, இனிமே ஆபீசுக்கே போக வேணாமாமே, போன்லயே பத்திரம் முடிஞ்சிருமாமே?" என்று சந்தோஷமாகக் கேட்டான். யாருடைய போனில் என்று நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. அதன்பிறகுதான் இதை எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன்.